தேதியைச் சொன்னாலே திட்டு: குர்துகளின் பங்காளிச் சண்டை

ஈராக்கின் குர்திஸ்தானில் ஒருவரைத் துரோகி என்று திட்டுவதற்குக் கெட்ட வார்த்தை எதுவும் தேவையில்லை. ஒரு தேதி போதும். தலபானி குடும்பத்தின் கட்சிக்காரர் எதிராளியைப் பார்த்து 'ஆகஸ்ட் 31' என்பார். பர்சானி குடும்பத்தின் கட்சிக்காரர் பதிலுக்கு 'அக்டோபர் 16' என்பார். பக்கத்தில் வயதானவர் யாராவது இருந்தால் 'அறுபத்தாறு' என்று இன்னும் பின்னால் போவார். இரண்டு தரப்புமே தனி நாடு வேண்டும் என்றுதான் சொல்கின்றன. இரண்டு தரப்பும் அதற்காக ரத்தம் சிந்தியிருக்கின்றன. அப்படியிருந்தும் இந்தத் தேதிகள் எப்படி வந்தன?

முதலில் ஆகஸ்ட் 31.

1996-ஆம் ஆண்டு அந்தச் சனிக்கிழமை அதிகாலை, குர்திஸ்தானின் தலைநகரான எர்பிலுக்குள் சதாம் உசேனின் டாங்கிகள் நுழைந்தன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஈராக்கிய ராணுவத்தினர் வந்ததாகச் சொல்லப்பட்டது. நகரம் அப்போது தலபானியின் பியூகே கட்சி கையில் இருந்தது; முழுப் பெயர் குர்திஸ்தான் தேசபக்த ஒன்றியம். அன்று மாலைக்குள் எர்பில் கைமாறியது. நாடாளுமன்றக் கட்டடத்தில் ஈராக் கொடியும், பக்கத்திலேயே பர்சானியின் கேடிபி, அதாவது குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சியின் மஞ்சள் கொடியும் பறந்தன. ஆம், சதாமைக் கூப்பிட்டது மசூத் பர்சானிதான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஹலாப்ஜா என்ற குர்து நகரில் விஷவாயு வீசி சுமார் 5,000 பேரைச் சதாமின் படை கொன்றது 1988 மார்ச்சில். அதே ஆண்டு அன்ஃபால் என்ற பெயரில் ஆயிரக்கணக்கான கிராமங்களை இடித்து, குறைந்தது ஐம்பதாயிரம் பேரைக் கொன்றது. குர்துகள் சொல்லும் கணக்கு 1,82,000. அதற்கும் முன்பு, 1983-இல், பர்சானி குலத்தின் ஆண்களை, மீசை அரும்பாத பையன்கள் உட்பட, ஆயிரக்கணக்கில் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், யாரும் திரும்பவில்லை. அதில் மசூதின் சொந்தக் குடும்பத்தாரும் உண்டு. அந்தச் சதாமுக்குத்தான் 13 ஆண்டுகள் கழித்து அவர் உதவி கேட்டுக் கடிதம் எழுதினார்.

ஏன் என்று கேட்டால் கேடிபியினரிடம் பதில் தயாராக இருக்கிறது: தலபானி ஈரானைக் கூட்டி வந்துவிட்டாரே! அதுவும் பொய்யில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஈரானியப் படை எல்லை தாண்டி கோயா நகரம் வரை வந்து, அங்கே முகாமிட்டிருந்த ஈரானிய குர்துக் கட்சியைத் தாக்கிவிட்டுப் போனது. வழி விட்டது பியூகே. ஆக, ஒருவர் தெஹ்ரானுக்குக் கதவு திறந்தார், மற்றவர் பாக்தாத்துக்குத் திறந்தார்.

அமெரிக்கா என்ன செய்தது? வடக்கே டாங்கி வந்ததற்கு, செப்டம்பர் 3-ஆம் தேதி ஈராக்கின் தெற்கே ஏவுகணைகளை வீசியது. தன்னிடம் வேலை பார்த்த குர்துகளைக் குடும்பத்தோடு விமானத்தில் ஏற்றிப் பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவுக்குக் கொண்டுபோனது, ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அக்டோபரில் ஈரான் உதவியோடு தலபானி தன் கோட்டையான சுலைமானியா நகரைத் திரும்பப் பிடித்தார். இரு தரப்புக்கும் நடுவிலான கோடு அப்படியே உறைந்துபோனது. 1994 முதல் 1998 வரை நடந்த இந்தச் சண்டைக்குக் குர்திய மொழியில் 'பிராகுஜி' என்று பெயர். சகோதரனைக் கொல்லுதல் என்று பொருள்.

சரி, இந்தப் பகை எங்கே தொடங்கியது?

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்போம். குர்துகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வேறு சொற்களில் எழுதுகிறார்கள்: பிரிந்து கிடந்தார்கள், அண்டை நாடுகள் பயன்படுத்திக்கொண்டன என்று. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. இங்கே ஊரை இரண்டாக்கி வைத்திருப்பதே கூத்தாடி போட்டுக் கொடுத்த மேடை.

முதல் உலகப் போர் முடிந்து 1920-இல் எழுதப்பட்ட செவ்ர் ஒப்பந்தம், குர்துகளுக்குத் தன்னாட்சியும் பின்னர் வேண்டுமானால் தனி நாடும் கிடைக்க வழி வைத்தது. 1923-இல் லோசான் ஒப்பந்தம் வந்தபோது அந்தப் பிரிவே காணாமல் போயிருந்தது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இன்று துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என்று நான்கு நாடுகளில் கிடக்கிறார்கள். எல்லைக்கோடுகள் பெரும்பாலும் மலைகளின் மீதே ஓடுகின்றன. "மலையைத் தவிர எங்களுக்கு நண்பர் இல்லை" என்பது உலகமே மேற்கோள் காட்டும் குர்தியப் பழமொழி. ஆனால் அந்த மலைக்கு இரண்டு சரிவு உண்டு. ஒரு சரிவில் விரட்டப்பட்டவன் மறு சரிவில் இறங்கினால், அங்கே இன்னொரு அரசாங்கம் உட்கார்ந்திருக்கிறது. காயத்துக்கு மருத்துவமனை, கோதுமை, தோட்டா, எல்லாம் அந்த அரசாங்கம் மனது வைத்தால்தான். அது மனது வைப்பதற்குச் சொல்லும் நிபந்தனை எப்போதும் ஒன்றே ஒன்று: உன் நாட்டில் நீ எவ்வளவு வேண்டுமானாலும் போராடு, என் நாட்டுக் குர்துகள் பக்கம் தலைவைத்துப் படுக்காதே.

இதை வைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும். துருக்கியில் ஆயுதம் ஏந்திய பிகேகே, அதாவது குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியின் தலைவர் அப்துல்லா ஒஜலான், 1979 முதல் 1998 வரை சிரியாவின் பாதுகாப்பில் இருந்தார். அதே சிரியாவோ 1962-இல் ஒரே நாள் கணக்கெடுப்பு நடத்தித் தன் நாட்டுக் குர்துகள் சுமார் 1,20,000 பேரின் குடியுரிமையைப் பறித்திருந்தது. தலபானி 1975-இல் பியூகேயை அறிவித்ததும் டமாஸ்கஸில்தான். ஈரான் - ஈராக் போரின்போது ஈராக்கிய குர்துகளான கேடிபியினர் ஈரான் பக்கம் நின்று, ஈரானிய குர்துகளுக்கு எதிராகச் சண்டை போட்டார்கள். அந்த ஈரானிய குர்துகளுக்கு ஆயுதம் கொடுத்தது பாக்தாத். ஒரு நாட்டில் விடுதலைப் போராளியாக இருப்பவர், பக்கத்து நாட்டுக் குர்துகளின் கண்ணில் அரசாங்கத்தின் ஆளாகத் தெரிவது இப்படித்தான்.

உதவி செய்கிற அண்டை நாடு கையை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1975 ஒன்றே போதும். மசூதின் தந்தை முஸ்தபா பர்சானி அப்போது ஈரான் மன்னர் ஷாவின் உதவியோடும் அமெரிக்க உளவுத்துறையின் பணத்தோடும் பாக்தாத்தை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்தார். மார்ச் 6-ஆம் தேதி அல்ஜியர்ஸில் ஷாவும் சதாமும் ஷத்துல் அரப் ஆற்றின் எல்லையைப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். உதவி உடனே நின்றது. பதினான்கு ஆண்டுப் போர் சில வாரங்களில் சரிந்தது. முஸ்தபா 1979-இல் அமெரிக்காவில் நோயாளியாக இறந்தார். ஓர் ஆற்றின் நடுக்கோட்டுக்காகக் கைவிடப்பட்ட கதை இது. பிள்ளைகள் இதிலிருந்து என்ன பாடம் கற்றிருப்பார்கள்? அண்டை நாட்டை நம்பாதே என்றா? இல்லை, ஒன்று போனால் இன்னொன்றைக் கையில் வைத்திரு என்று கற்றார்கள் போலிருக்கிறது.

இப்போது 'அறுபத்தாறு'.

முஸ்தபா பர்சானி ஒரு குலத் தலைவர். 1946 ஜனவரியில் ஈரானின் மஹாபாத் நகரில் காஸி முகம்மது ஒரு குர்தியக் குடியரசை அறிவித்தபோது, ஈராக்கிலிருந்து தன் ஆட்களோடு போய் அதற்குத் தளபதியாக நின்றவர். அந்தக் குடியரசு ஓர் ஆண்டு கூட நிலைக்கவில்லை. காஸி முகம்மதை 1947 மார்ச் இறுதியில் தூக்கிலிட்டார்கள். பர்சானி சில நூறு பேரோடு நடந்தே சோவியத் நாட்டுக்குத் தப்பினார். 1958-இல் திரும்பி வந்தபோது அவர் ஒரு காவிய நாயகன். ஆனால் அவர் இல்லாத காலத்தில் கேடிபி கட்சியை வளர்த்தவர்கள் வேறு மாதிரி ஆட்கள்: சுலைமானியாவின் வக்கீல்கள், எழுத்தாளர்கள், இடதுசாரிகள். இப்ராஹிம் அகமது அவர்களுக்குத் தலைவர். அவருடைய மருமகன் ஜலால் தலபானி. குலத் தலைவருக்குக் கட்சி என்பது தன் படைக்கு ஒரு பெயர்ப்பலகை. இவர்களுக்குப் பர்சானி என்பவர் கட்சியின் ஒரு முகம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள்.

1964-இல் பர்சானி, கட்சியைக் கேட்காமலேயே பாக்தாத்தோடு போர் நிறுத்தம் செய்தார். கட்சிக் குழு கண்டித்தது. பர்சானி அவர்களை அடித்து ஈரானுக்குள் விரட்டினார். திரும்பி வந்த அகமது - தலபானி அணி, 1966-இல் பாக்தாத் அரசிடம் பணமும் ஆயுதமும் வாங்கிக்கொண்டு பர்சானியை எதிர்த்துச் சண்டை போட்டது. அன்று ஒட்டிய பட்டம்தான் 'அறுபத்தாறின் ஜாஷ்'.

ஜாஷ் என்றால் கழுதைக்குட்டி. அரசாங்கத்துக்காகத் துப்பாக்கி தூக்கும் குர்துகளுக்கு மக்கள் வைத்த பெயர். அரசாங்கம் அவர்களுக்கு வைத்திருந்த பெயர் 'சலாவுதீனின் குதிரை வீரர்கள்'. சிலுவைப் போர்ப் புகழ் சலாவுதீன் குர்து இனத்தவர் என்பதால் அந்த மரியாதை! அன்ஃபாலில் கிராமம் கிராமமாக ராணுவத்துக்கு வழி காட்டியவர்களில் இவர்களும் உண்டு. அதே சமயம், கைதான பெண்களையும் குழந்தைகளையும் இரவோடு இரவாக ஒளித்துக் காப்பாற்றியவர்களும் இவர்களுக்குள் உண்டு. 1991 மார்ச் 5-ஆம் தேதி ரானியா என்ற சின்ன ஊரில் எழுச்சி தொடங்கியபோது, இந்தக் கழுதைக்குட்டிகள் கூட்டம் கூட்டமாகக் கட்சி மாறின. அந்த எழுச்சி அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அது ஒரு பெரிய காரணம். பொது மன்னிப்பு கொடுத்தார்கள். நேற்றைய ஜாஷ் தலைவர்களை இரண்டு கட்சிகளும் போட்டி போட்டுக்கொண்டு சேர்த்துக்கொண்டன. துரோகி என்ற சொல் அங்கே எவ்வளவு சீக்கிரம் கழுவப்படும், எவ்வளவு சீக்கிரம் மறுபடி ஒட்டும் என்பதைக் காட்டும் காட்சி அது.

1992 மே மாதம் குர்திஸ்தானில் முதல் தேர்தல். 105 இடங்களில் ஐந்து கிறிஸ்தவர்களுக்கு. மீதியை இரண்டு கட்சிகளும் ஐம்பதுக்கு ஐம்பது என்று பிரித்துக்கொண்டன. அதோடு நிற்கவில்லை. அமைச்சர் ஒரு கட்சி என்றால் துணை அமைச்சர் மற்றக் கட்சி. காவல் நிலையம், பள்ளிக்கூடம் வரை இந்தப் பங்கீடு இறங்கியது. பாகப்பிரிவினையை இவ்வளவு நேர்மையாகச் செய்தால் சண்டை வராது என்று நினைத்திருப்பார்கள். நடந்தது நேர்மாறு: எந்த அலுவலகத்திலும் பொதுவான ஆள் என்று ஒருவர் இல்லாமல் போனார்.

அப்புறம், பங்கிட முடியாத ஒன்று இருந்தது. இப்ராஹிம் கலீல் சுங்கச்சாவடி. துருக்கி எல்லையில், ஸாகோ பக்கத்தில், காபூர் ஆற்றுப் பாலத்தின் இந்தப் பக்கம் இருக்கிறது. ஈராக் மீது ஐநா தடை இருந்த 1990-களில், துருக்கி லாரிகள் மாவும் சிமெண்டும் ஏற்றி வந்து, வண்டிக்கு அடியில் கூடுதலாக வெல்டிங் வைத்த டேங்குகளில் மலிவான ஈராக் டீசலை நிரப்பிக்கொண்டு போகும். தடையை மீறிய கடத்தல்தான். துருக்கி, பாக்தாத், குர்துகள், அமெரிக்கா எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு லாரியும் கட்டணம் கட்டும். சாவடி கேடிபியின் நிலப்பகுதியில் இருந்தது. தலபானி பங்கு கேட்டார், கிடைக்கவில்லை. 1994-இல் சண்டை தொடங்கியது ஒரு நிலத் தகராறில் என்றாலும், அதை நான்கு ஆண்டு எரியவைத்ததில் இந்த டீசலுக்குப் பெரிய பங்கு உண்டு.

கேடிபியின் நிலம் வடமேற்கு, அதன் முதுகு துருக்கியைத் தொடுகிறது. பியூகேயின் நிலம் தென்கிழக்கு, முதுகு ஈரானைத் தொடுகிறது. அதன் சாவடிகள் பாஷ்மாக், பர்விஸ்கான் என்று ஈரான் பக்கம். யார் யாருக்கு நண்பர் என்று கொள்கை அறிக்கையில் தேட வேண்டியதில்லை, வரைபடத்திலேயே இருக்கிறது. இன்றும் மக்கள் மஞ்சள் மண்டலம், பச்சை மண்டலம் என்றுதான் சொல்கிறார்கள். கட்சிக் கொடிகளின் நிறம். எர்பிலிலிருந்து கோயா போகும் சாலையில் தெகலா என்ற ஊரைத் தாண்டினால் மஞ்சள் முடிந்து பச்சை தொடங்கும். 1998-இல் வாஷிங்டனில் சமாதானம் கையெழுத்தாகி, 2006-இல் இரண்டு நிர்வாகங்களும் ஒன்றான பிறகும் குர்தியப் படையான பெஷ்மெர்காவில் 70-ஆவது பிரிவு பியூகேயுடையது, 80-ஆவது பிரிவு கேடிபியுடையது என்றே இருந்தது. கைபேசி நிறுவனங்களும் ஆரம்பத்தில் அப்படியே பிரிந்தன: எர்பிலில் ஒன்று, சுலைமானியாவில் வேறொன்று. ஒரே அரசாங்கத்தின் இரண்டு ஊர்களில் வேலை இருந்தவர் இரண்டு சிம் வைத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்குள் கிட்டத்தட்ட 12 லட்சம் பேர் அரசுச் சம்பளமோ ஓய்வூதியமோ வாங்கும் பட்டியலில் வந்துவிட்டார்கள். குர்திஸ்தான் பிராந்தியத்தின் மொத்த மக்கள்தொகையே அறுபது லட்சத்தைச் சற்று தாண்டும். வேலை கிடைக்கும் வழி கட்சி. ஆகவே கட்சி விசுவாசம் என்பது அங்கே பெரும்பாலான வீடுகளில் அரிசி, பருப்பு விஷயம். இதை மறந்துவிட்டு அவர்களைத் தேசப்பற்று இல்லாதவர்கள் என்று வெளியே உட்கார்ந்து எழுதுவது எளிது.

இனி 'அக்டோபர் 16'.

2017 செப்டம்பர் 25-ஆம் தேதி குர்திஸ்தான் தனி நாடாக வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 72 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், 92.7 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். உணர்ச்சியில் சந்தேகமே இல்லை. ஆனால் வாக்கெடுப்பை நடத்திய மசூத் பர்சானியின் அதிபர் பதவிக்காலம் 2015-இலேயே முடிந்திருந்தது. நாடாளுமன்றம் இரண்டு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. 'கோரான்' கட்சியைச் சேர்ந்த அதன் சபாநாயகர் எர்பிலுக்குள் நுழையவே விடப்படவில்லை. கோரான் என்பது பியூகேயிலிருந்து 2009-இல் பிரிந்த கட்சி. ஆகவே சுலைமானியாவில் பலருக்கு அந்த வாக்கெடுப்பு, நாட்டுக்கா பர்சானிக்கா என்ற கேள்வியோடுதான் வந்தது. மனதுக்குள் முணுமுணுத்தபடி ஆம் போட்டவர்கள் நிறைய.

வாக்கெடுப்பு கிர்குக்கிலும் நடந்ததுதான் சிக்கல். எண்ணெய் வளம் மிக்க அந்த நகரம் சட்டப்படி பிராந்தியத்துக்குள் இல்லை. 2014 ஜூனில் ஐஎஸ் அமைப்பு வந்தபோது ஈராக் ராணுவம் ஓடிப்போக, பெஷ்மெர்கா உள்ளே போய் உட்கார்ந்தது. வாக்கெடுப்பு முடிந்த சில நாட்களில், 2017 அக்டோபர் 3-ஆம் தேதி, ஜலால் தலபானி இறந்தார். கட்சி வாரிசுகளின் கையில் சிதறிக் கிடந்தது. ஈரானின் தளபதி காசிம் சுலைமானி அந்த நாட்களில் சுலைமானியாவுக்கு வந்து போனார். அக்டோபர் 16 அதிகாலை ஈராக் படை கிர்குக்கை நோக்கி நகர்ந்தபோது, ஜலாலின் மகன் பாஃபெல் பக்கம் நின்ற பியூகே படைகள் விலகிக்கொண்டன. மாலைக்குள் ஆளுநர் அலுவலகத்தில் ஈராக் கொடி. கார்களில் குடும்பம் குடும்பமாக எர்பில் சாலையில் மக்கள் ஓடினார்கள்.

அன்றிலிருந்து அது 'அக்டோபர் 16 துரோகம்'. பியூகே தரப்பு சொல்வது: ஜெயிக்க முடியாத போரில் பிள்ளைகளைச் சாகக் கொடுக்கவில்லை. இதில் கேடிபியினர் வாய்திறக்காத ஒரு விவரம் உண்டு. அடுத்த நாளே சிஞ்சார், மக்மூர் உள்ளிட்ட இடங்களிலிருந்து அவர்களுடைய படைகளும் பெரிய சண்டை இல்லாமல் பின்வாங்கின. சிஞ்சாரில் அது இரண்டாம் முறை. 2014 ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஐஎஸ் வந்தபோதும் யாஸிதி என்ற சிறுபான்மை மதத்தினரை விட்டுவிட்டு கேடிபியின் பெஷ்மெர்கா விலகியிருந்தது. மலையில் சிக்கியவர்களுக்கு வழி திறந்து சிரியாவுக்குள் கூட்டிப்போனது பிகேகேயும் அதன் சிரியத் தோழர்களும்தான். அந்த மாதமே பர்சானி மக்மூர் முகாமுக்குப் போய் பிகேகே போராளிகளுக்கு நன்றி சொன்னார். சில ஆண்டுகளில் துருக்கி ராணுவம் அவருடைய நிலப்பகுதியில் முகாம்கள் அமைத்து, அதே பிகேகேயைக் குண்டு போட்டுத் தேடிக்கொண்டிருந்தது. எர்பிலின் எண்ணெய் துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகம் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். அதை யாரும் மறந்துவிடவில்லை.

துருக்கியின் உள்ளே கதை வேறு சாயல் என்றாலும் முடிச்சு அதேதான். 1984 ஆகஸ்ட் 15-இல் பிகேகே போரைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அரசு குர்தியக் கிராமங்களிலேயே சம்பளத்துக்கு ஆள் எடுத்து 'கிராமக் காவலர்' படையை உருவாக்கியது. சேராத கிராமத்தை ராணுவம் எரித்தது, சேர்ந்த கிராமத்தை பிகேகே தாக்கியது, பெண்கள் குழந்தைகள் உட்பட. நடுவில் நிற்க இடமே இல்லை. நாற்பதாயிரம் பேர் இறந்த போர் அது. இன்றும் குர்து வாக்குகளில் கணிசமான பகுதி குர்தியக் கட்சிக்குப் போகாமல் எர்டோகனின் கட்சிக்குப் போகிறது. மதப்பற்று, தொழில், குலம் என்று அதற்குப் பல காரணம்.

தனி நாடு என்ற கோரிக்கையையே ஒஜலான் சிறையில் இருந்தபடி இருபது ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்டார். 2025 பிப்ரவரி 27-இல் கட்சியைக் கலைக்கச் சொன்னார். மே மாதம் கலைப்பு அறிவிப்பு வந்தது. ஜூலை 11 அன்று ஆண்களும் பெண்களுமாக முப்பது போராளிகள் வரிசையாக வந்து, ஒரு பெரிய கொப்பரையில் துப்பாக்கிகளைப் போட்டுக் கொளுத்தினார்கள். இடம் சுலைமானியா பக்கம் ஜாசனா குகை. நூறு ஆண்டுகளுக்கு முன், 1923-இல், பிரிட்டிஷாரை எதிர்த்த ஷேக் மஹ்மூதின் ஆட்கள் அச்சு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பத்திரிகை அடித்த குகை அது. துருக்கியின் குர்துகள் ஆயுதம் போட ஈராக்கின் மண், அதிலும் பச்சை மண்டலம்.

அடுத்த மாதமே, ஆகஸ்ட் 22-ஆம் தேதி விடிகாலையில், அதே சுலைமானியாவில் மறுபடி துப்பாக்கிச் சத்தம். இந்தமுறை கேடிபியும் இல்லை, பாக்தாத்தும் இல்லை. பியூகேயின் தலைவர் பாஃபெல் தலபானியின் படைகள் ஒரு ஹோட்டலைச் சுற்றி வளைத்து லாஹுர் ஷேக் ஜங்கியைக் கைது செய்தன. சில ஆண்டுகளுக்கு முன்பு இருவரும் சேர்ந்து கட்சிக்குத் தலைமை தாங்கியவர்கள். இருவரின் தந்தையரும் உடன்பிறந்தவர்கள். நம் ஊர் முறைப்படி அசல் பங்காளிகள். எர்பிலில் பிரதமர் மஸ்ரூர் பர்சானியும் அதிபர் நெச்சிர்வான் பர்சானியும் அதே முறைதான், அண்ணன் தம்பி பிள்ளைகள்.

2024 அக்டோபர் 20-இல் நடந்த தேர்தலில் 100 இடங்களில் கேடிபிக்கு 39, பியூகேக்கு 23 கிடைத்தன. ஓர் ஆண்டு கழிந்தும் அமைச்சரவை அமையவில்லை. போலீஸைக் கையில் வைத்திருக்கும் உள்துறை யாருக்கு என்பதில் இழுபறி. ஐம்பதுக்கு ஐம்பது கேட்ட காலம்போலவே, ஒவ்வொரு நாற்காலிக்கும் மஞ்சளா பச்சையா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.